கிங் ஆய்ஸ்டர் காளான்: சமைக்கும்போது எங்கே தவறுகிறது, எப்படிச் சரிசெய்வது

பட்டன் காளானைச் சமைக்கிற மாதிரியே கிங் ஆய்ஸ்டர் காளானையும் சமைத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பட்டன் காளானிலும் சாதாரணச் சிப்பிக் காளானிலும் நாம் விரும்பிச் சாப்பிடுவது குடையை. இதில் தண்டுதான் சரக்கு. மத்தியதரைக் கடல் நாடுகளில் எரிஞ்சியம் என்ற முட்செடியின் வேரை ஒட்டி இது தானாக முளைக்கும்போது குடை அகலமாகவும் தண்டு குட்டையாகவும் இருக்கும். தென் இத்தாலியில் கார்டோன்செல்லோ என்று விற்பது அதைத்தான். ஜப்பான், கொரியா, சீனப் பண்ணைகளில் மரத்தூளும் தவிடும் அடைத்த பாட்டிலில், குளிர் அறையில், கரியமில வாயுவைச் சற்றுக் கூடுதலாக விட்டு வளர்க்கிறார்கள். அதனால் தண்டு பருத்துக் குடை சிறுத்துவிடுகிறது. சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு மூன்றாகப் பாக்கெட் போட்டு வருவது இந்த ரகம்.

இரண்டு விஷயங்கள் தெரிந்தால் கீழே வரும் பிழைகளில் பாதி தானே விளங்கும். முதலாவது, இதன் எடையில் 85 முதல் 90 சதவீதம் தண்ணீர். இரண்டாவது, காளானின் செல் சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது. கத்தரிக்காயைக் கொதிக்கவிட்டால் குழைந்துவிடும், கைட்டின் குழையாது. எனவே கூடுதலாக வெந்து குழைந்துவிடுமோ என்ற பயம் இதற்குத் தேவையில்லை. தண்ணீர் வெளியேறும் முன்பே அடுப்பை அணைப்பதால்தான் இது அதிகம் கெடுகிறது.

வாணலியில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கிறது, சிவக்கவே இல்லை

துண்டுகள் வெளிறிய சாம்பல் நிறத்தில், தம் சாற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும். வாசனையும் எழாது. காளானின் மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் பொன்னிறமும் வறுத்த வாசனையும் வரும். கல்லில் தண்ணீர் நிற்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே பிழை எங்கே என்று இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் அளவு. 26 செ.மீ. கல்லுக்கு 200 கிராமுக்கு மேல் போடக்கூடாது. ஒரு துண்டின் மேல் இன்னொன்று ஏறக்கூடாது, இடையிடையே கல் தெரிய வேண்டும். 400 கிராம் இருந்தால் இரண்டு தவணை. ஒரே தவணையில் முடிக்க நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் பிரச்சினை வருகிறது, அதில் நேரமும் மிச்சமாவதில்லை. தண்ணீர் வற்றக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டாவது தவணையே முடிந்திருக்கும்.

அடுத்தது உப்பு. வெங்காயத்துக்குப் போடுகிற பழக்கத்தில் ஆரம்பத்திலேயே உப்புத் தூவினால், கல் தாங்குகிற வேகத்தைவிட வேகமாகத் தண்ணீர் வெளியே வரும். சிவந்த பிறகே உப்பு. மூடியும் போடக்கூடாது, ஆவி திரும்ப விழும்.

கழுவுவதைப் பற்றிப் பலருக்கும் சந்தேகம். பண்ணையில் வளர்ந்த காளானில் மண் இருக்காது. தண்டின் அடியில் ஒட்டியிருக்கும் தவிட்டை அரை செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும். கழுவியே ஆக வேண்டும் என்றால், முழுதாக இருக்கும்போது குழாயடியில் காட்டி, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். நறுக்கிய பிறகு தண்ணீரில் போடாதீர்கள்.

சரியாகச் செய்யும் முறை இது. 200 கிராம் காளானை 1 செ.மீ. கனத்தில் நறுக்கவும். இரும்புக் கல்லை மிதமான தீக்குச் சற்று மேலே வைத்து 2 முதல் 3 நிமிடம் காயவிடவும். (நான்ஸ்டிக் என்றால் வெறுமனே காயவிடக் கூடாது, ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவிக்கொள்ளவும்.) எண்ணெய் ஊற்றாமல் துண்டுகளைப் பரப்பி, 4 நிமிடம் கரண்டியால் தொடாமல் விடவும். முதலில் ஈரச் சீற்றம் கேட்கும், துண்டின் ஓரத்தில் பொடிக் குமிழ்கள் வெடிக்கும். திருப்பிப் போட்டு இன்னும் 3 நிமிடம். இப்போது சீற்றம் அடங்கி, ஆவி குறைந்து, துண்டுகள் கண்ணுக்குத் தெரிகிற அளவு சுருங்கியிருக்கும். இந்த இடத்தில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். ஓசை உடனே மாறும்: மந்தமான இரைச்சல் போய், கடுகு பொரிவது போன்ற கூர்மையான சடசடப்பு வரும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு 3 நிமிடம், இரண்டு பக்கமும் பொன்னிறம். கடைசியில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு.

ஏற்கெனவே தண்ணீர் விட்டாகிவிட்டது என்றால் அதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். காளானின் சுவையும் அதில் இறங்கியிருக்கிறது. ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்து, துண்டுகளைத் தனியாகச் சிவக்கவிட்டு, பிறகு அந்தச் சாற்றைத் திரும்ப ஊற்றிச் சுண்டவிடுங்கள். துண்டுகளின் மேல் பளபளப்பாகப் படிந்துவிடும்.

ரப்பர் மாதிரி இருக்கிறது

இந்த ஒரு புகாருக்குள் மூன்று வெவ்வேறு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று பல்லுக்குத்தான் தெரியும்.

கடித்தால் திரும்ப எழும்புகிறது, பல்லில் கிறீச்சென்கிறது, நடுவில் ஈரம் தெரிகிறது: உள்ளே தண்ணீர் இன்னும் நிற்கிறது. ஒரு துண்டை இரண்டாக வெட்டிப் பாருங்கள். நடுப்பகுதி சுண்ணாம்பு வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருந்தால் இன்னும் ஆகவில்லை. ஆன காளானின் உட்புறம் சற்று மங்கி, லேசாகக் கண்ணாடித்தன்மை கொண்டிருக்கும். தீயைச் சற்றுக் குறைத்து 4, 5 நிமிடம் கூட வைத்தால் சரியாகிவிடும். இதுதான் திருத்த மிக எளிதான பிழை.

மென்றால் நீளநீளமாக நார் வருகிறது, விழுங்க முடியவில்லை: வெட்டியது தப்பு. தண்டில் நார் அடியிலிருந்து குடை நோக்கி நெடுக ஓடுகிறது. குறுக்கே வட்டமாக வெட்டினால் நார் ஒவ்வொரு வட்டத்திலும் 1, 2 செ.மீ.தான், பட்டென்று கடிபடும். நெடுக்காகப் பலகை போல வெட்டினால் நார் முழு நீளத்துக்கும் இருக்கும். கறி போன்ற மெல்லும் தன்மை கிடைக்கும். இரண்டும் வேண்டியதுதான், ஆனால் எந்தச் சாப்பாட்டுக்கு எது என்று முடிவு செய்துகொண்டு வெட்ட வேண்டும். குழந்தைகளுக்கும் பல் சரியில்லாத பெரியவர்களுக்கும் குறுக்கு வெட்டு, அதுவும் அரை செ.மீ.க்கு மேல் வேண்டாம். பலகை வெட்டுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் கனம் போதும். கொரியாவில் இறைச்சி சுடும் தட்டிலேயே இதை நெடுக்காக மெல்லிசாக அரிந்து போட்டு வாட்டுவார்கள். ஒரு செ.மீ.யைத் தாண்டிய நெடுக்கு வெட்டைத்தான் பல்லால் மெல்லவே முடியாமல் போகிறது. வெட்டியாகிவிட்டதா? சமைத்த பலகைகளைக் கத்தியால் குறுக்கே, விரல் அகலத்துக்கு அரிந்து பரிமாறினால் தீர்ந்தது.

தோல் மாதிரி வறண்டு, மென்றால் சாறே இல்லை: சிம்மில் அரை மணி நேரம் கிடந்திருக்கிறது, அல்லது ஓவனில் குறைந்த சூட்டில் காய்ந்திருக்கிறது. தண்ணீர் முழுக்கப் போன பிறகும் சூடு தொடர்ந்தால் இப்படித்தான் ஆகும். இதை வறுவலாக மீட்க முடியாது. குழம்பில் போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டால் ஓரளவு சாறு இழுத்துக்கொள்ளும்.

மேலே கருகிவிட்டது, உள்ளே பச்சை வாசம்

தண்டு 4, 5 செ.மீ. பருமன் உள்ளதை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து அப்படியே கல்லில் போட்டால் இது நடக்கும். வெளிப்புறம் 8 நிமிடத்தில் சிவந்துவிடும். நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர 15 நிமிடமாவது வேண்டும்.

இங்கே இட்லிப் பாத்திரம் கைகொடுக்கும். பாதியாகப் பிளந்த தண்டுகளைத் தட்டில் வைத்து 8 முதல் 10 நிமிடம் ஆவியில் வேகவிடவும். கத்தி முனை தடையின்றி இறங்க வேண்டும். எடுத்து ஆறவிட்டு, துணியில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, பிறகு காய்ந்த கல்லில் பக்கத்துக்கு 3 நிமிடம். உள் வேலை ஆவியில் முடிந்துவிட்டதால் கல்லில் நிறத்தை மட்டும் கவனித்தால் போதும்.

ஆவிக்குப் பொறுமை இல்லை என்றால் அழுத்தி வாட்டலாம். பலகைத் துண்டுகளைக் காய்ந்த கல்லில் பரப்பி, மேலே அடிப்பக்கம் சுத்தமான இன்னொரு கனத்த இரும்புக் கல்லை வைக்கவும். இரண்டு கிலோ பாரம் போதும். ஓரத்தில் தண்ணீர் கொப்பளித்து ஆவியாவது கண்ணில் படும். 3 நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி, மொத்தம் 9 அல்லது 10 நிமிடம். துண்டு பாதிக் கனமாகத் தட்டையாகிவிடும். நார்கள் நெருங்கி ஒட்டுவதால், பன்னுக்குள் வைக்கவோ கத்தியால் அரிந்து பரிமாறவோ இதைவிட நல்ல முறை இல்லை.

மசாலா மேலே மட்டும் ஒட்டியிருக்கிறது, உள்ளே சப்பென்று இருக்கிறது

இரவு முழுக்க ஊறவைத்தும் உள்ளே ஏறவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஏறாது. தண்ணீர் நிறைந்த தண்டுக்குள் மசாலாத் தண்ணீர் போக இடமில்லை. முதலில் இடம் உண்டாக்க வேண்டும்.

ஒரு வழி, கீறுவது. பலகையின் இரு பக்கமும் சாய்சதுரக் கட்டங்களாக, 5 மி.மீ. இடைவெளியில், 2 முதல் 3 மி.மீ. ஆழத்துக்குக் கீறவும். ஆழம் துண்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் திருப்பும்போது உடைந்துவிடும். இன்னொரு வழி, ஆவியில் வேகவைத்துப் பிழிவது. பிழிந்த தண்டு இறுகி ஒட்டாமல் மெல்ல விரிய முயலும். அந்த நேரத்தில் மசாலா தடவினால் சாறோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போதே தடவ வேண்டும். இந்த முறையில் 20 நிமிடம் ஊறினாலே போதும், இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இடம் அடைக்க வேண்டாம்.

உப்பின் அளவு: பச்சைக் காளானின் எடைக்கு 1 சதவீதம். 250 கிராமுக்கு இரண்டரை கிராம், அதாவது தலை தட்டிய அரை டீஸ்பூன். சமைத்தபின் எடை மூன்றில் ஒரு பங்காவது குறைந்துவிடும் என்பதால், பச்சையாகப் பார்க்கும்போது குறைவாகத் தோன்றும் உப்பு சாப்பிடும்போது சரியாக இருக்கும். பச்சைக் காளானின் குவியலைப் பார்த்து உப்புப் போட்டால் கரிக்கும்.

எண்ணெயைக் குடித்துவிடுகிறது

முதல் ஸ்பூன் எண்ணெய் ஊற்றியதும் காணாமல் போகும், இன்னொன்று ஊற்றுவோம், அதுவும் போகும், கடைசியில் தட்டில் எண்ணெய் வழியும். காளானின் திசுவில் காற்று இடைவெளிகள் நிறைய. சூடு ஏறாத நிலையில் எண்ணெய் அவற்றில் புகுந்துவிடும். தண்ணீர் வெளியேறித் திசு அமுங்கிய பிறகு எண்ணெய் விட்டால் அந்த இடைவெளிகளே இருக்காது. மேலே சொன்ன வறட்டுக் கல் முறையே இதற்கும் மருந்து: 200 கிராமுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் போதும். குடைப் பகுதி தண்டைவிட அதிகம் உறிஞ்சும் என்பதால் குடைகளைத் தனியாக நறுக்கி, கடைசி 4 நிமிடத்தில் சேர்ப்பது நல்லது.

கசக்கிறது, இரும்பு வாடை அடிக்கிறது

சமைக்கும் முன்பே ஒரு சிறு துண்டை முகர்ந்து பாருங்கள். நல்ல காளானில் வாசனை மிகக் குறைவு. புளித்த வாடையோ அம்மோனியா வாடையோ இருந்தால் காளானே பழசு. எந்த மசாலாவும் அதை மறைக்காது. முகர்ந்தபோது சரியாக இருந்து, சமைத்தபின் கசந்தால் மற்றதைப் பாருங்கள்.

சோயா சாஸை ஆரம்பத்தில் ஊற்றினால் கல்லில் படும் இடத்தில் கருகிக் கசக்கும். 200 கிராமுக்கு 2 டீஸ்பூன் சோயா சாஸ், அடுப்பை அணைத்த பின், சூட்டோடு சூடாக. ஜப்பானியர் வெண்ணெயும் சோயாவும் சேர்த்துச் செய்யும் வறுவலில் இரண்டுமே கடைசியில்தான் வரும். வெண்ணெயில் உள்ள பால்பொருளும் எளிதில் கருகும். பூண்டும் அப்படியே. நசுக்கிய பூண்டைக் காளானோடு சேர்த்து வதக்கினால் காளான் சிவக்கும் முன்பே பூண்டு கருத்துவிடும். காளான் சிவந்தபின் நடுவில் இடம் விட்டு, அங்கே பூண்டைப் போட்டு 40 விநாடி வதக்கினால் போதும்.

தைவானில் இதை 'மூன்று கோப்பை' முறையில் செய்வார்கள்: எள் எண்ணெய், சோயா சாஸ், அரிசி மது மூன்றும் சேர்ந்து, இஞ்சி, பூண்டு, துளசி வகை இலையோடு. அங்கே பயன்படுவது வறுத்த எள்ளின் கறுத்த எண்ணெய். அது கடும் தீயில் கசந்துவிடும், அதனால் இஞ்சியை மிதமான தீயில் சுருளவிடுவார்கள். நம் நல்லெண்ணெயை அதற்குப் பதிலாக ஊற்றினால் அந்த வறுத்த வாசனை வராது. நல்லெண்ணெயில் சமைத்து, கடைசியில் ஒரு டீஸ்பூன் வறுத்த எள் எண்ணெய் விடுவது நல்ல சமரசம்.

இரும்பு வாடைக்குக் காரணம் பெரும்பாலும் பாத்திரம். சரியாகப் பழகாத இரும்புக் கல்லில் தக்காளி, புளி, எலுமிச்சை, தயிர் எது பட்டாலும் இரும்பு கரைந்து துண்டுகள் கருஞ்சாம்பலாகும். காளானை இரும்பில் வாட்டுங்கள், புளிப்பை வேறு பாத்திரத்தில் சேருங்கள்.

65 போட்டால் மாவு உரிகிறது, ஐந்து நிமிடத்தில் நமுத்துவிடுகிறது

கோழி 65-இன் மாவைக் காளானுக்கு அப்படியே போடுவதால் வருவது. கோழியின் புரதம் வெந்ததும் இறுகி மாவைப் பிடித்துக்கொள்ளும். காளானில் அந்தப் பிடிப்பு இல்லை. கூடவே எண்ணெயில் விழுந்ததும் உள்ளிருந்து ஆவி சீறி வந்து மாவை உரித்துத் தள்ளும். வெளியே மொறுமொறுவென்று எடுத்தாலும், உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் ஆறும்போது மேலோட்டுக்கு வந்து நமுக்க வைக்கும். ஆக, மாவை மாற்றுவதற்கு முன் தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

250 கிராம் காளானைச் சுண்டுவிரல் கனக் குச்சிகளாக நறுக்கவும். ஆவியில் 6 நிமிடம். ஆறியதும் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, பிய்ந்துபோகாமல் பிழியவும். கிண்ணத்தில் நாலைந்து டேபிள்ஸ்பூன் தண்ணீராவது சேரும். (அதைச் சூப்புக்கோ சாதத்துக்கோ ஊற்றலாம்.) பிழிந்த குச்சிகளைத் துணியில் 10 நிமிடம் பரப்பி வைக்கவும்.

இப்போது ஒரு டீஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, ஒன்றரை டீஸ்பூன் காஷ்மீர் மிளகாய்த்தூள், அரை டீஸ்பூன் மிளகுத்தூள், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. தயிர் வேண்டாம், திரும்ப ஈரம் சேர்க்கும். பிசறி 15 நிமிடம் வைத்த பின் 2 டேபிள்ஸ்பூன் சோள மாவு, ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு தூவிப் புரட்டவும். தண்ணீர் ஊற்றிக் கரைக்கக் கூடாது. மாவு துண்டோடு ஒட்டி, ஈர மணல் போலத் தெரிய வேண்டும். வெள்ளையாக உதிர்ந்தால் கையை நனைத்துத் தெளிக்கவும். கொழகொழவென்றிருந்தால் இன்னொரு ஸ்பூன் சோள மாவு.

எண்ணெய் 170 முதல் 175 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் ஒரு கிள்ளு மாவைப் போட்டுப் பாருங்கள்: அடியில் தங்காமல் உடனே மேலே வந்து, கருகாமல் பொரிய வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு தடவை 80 கிராம். போட்டதும் 30 விநாடி கரண்டியை உள்ளே விடாதீர்கள், மாவு இறுக அந்த நேரம் வேண்டும். 3 நிமிடத்தில் எடுத்து, கம்பி வலையில் 5 நிமிடம் ஆறவிட்டு, எண்ணெயை 185 டிகிரிக்கு ஏற்றி மீண்டும் ஒரு நிமிடம் பொரிக்கவும். இரண்டாம் பொரிப்பு உள்ளிருந்து வந்த ஈரத்தை ஓட்டும். செய்தித்தாளில் குவித்து வைத்தால் அடித்துண்டுகள் தம் ஆவியிலேயே நமுக்கும், ஆகவே வலைதான்.

உதிர்த்த காளான் சுக்கா: வைக்கோலாகிறது அல்லது கூழாகிறது

முள்கரண்டியால் நார் நாராகப் பிரித்துச் செய்யும் சுக்காவில் இரண்டு எதிரெதிர்ப் பிழைகள். பச்சைத் தண்டை அப்படியே கீறிப் பிரித்தால் நார் அறுந்து பொடியாகும், அதை மசாலாவில் வதக்கினால் கூழ். மெல்லிசாகப் பிரித்துச் சிம்மில் நீண்ட நேரம் வைத்தால் வைக்கோல்.

தண்டை நெடுக்காக இரண்டாகப் பிளந்து 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் குடைப் பக்கத்திலிருந்து அடி நோக்கி முள்கரண்டியால் இழுக்கவும். நார் தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கட்டும், சமைக்கும்போது இன்னும் மெலியும். லேசாகப் பிழிந்து, இரும்பு வாணலியில் ஒரு டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெயில், நடுத்தரத் தீக்கு மேல், 6 முதல் 7 நிமிடம். நுனிகள் மட்டும் கருஞ்சிவப்பாகி நடு மென்மையாக இருக்கும்போது நிறுத்த வேண்டும். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, சோம்பு, மிளகு சேர்ந்த மசாலாவைத் தனி வாணலியில் சுருள வதக்கிக்கொண்டு, கடைசி 2 நிமிடம் மட்டும் இரண்டையும் சேர்க்கவும்.

வட்டத் துண்டுகள் நடுவில் பிளக்கின்றன, ஒரு பக்கம் மட்டும் சிவக்கிறது

தண்டை 2.5 செ.மீ. உயர வட்டங்களாக வெட்டி, கடல் சிப்பி இறைச்சியின் பாணியில் வாட்டுவதற்கு இந்தக் காளான் மிகப் பொருத்தம். இரு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் ஒரு ஓரம் மட்டும் கல்லில் படும். வெட்டியதைப் பலகையில் நிறுத்திப் பாருங்கள், ஆடினால் திருத்தி வெட்டுங்கள். பிளப்பதற்குக் காரணம் ஆழமான கீறல், அல்லது அதிகக் குளிர்ச்சியாக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரே கடும் சூட்டில் வைப்பது. கீறல் 2 மி.மீ. போதும். ஒரு லிட்டர் கொதிநீரில் 10 கிராம் உப்பும் ஒரு துண்டு கோம்புவும் (ஜப்பானியச் சமையலின் உலர்ந்த கடற்பாசி) போட்டு, அடுப்பை அணைத்து, வட்டங்களை 20 நிமிடம் அதில் ஊறவிட்டால் உட்புறமும் உப்பேறும். பிறகு இரு முகத்தையும் துணியில் அழுத்தி ஒற்றுவது முக்கியம். ஒரு முகத்துக்கு 4 நிமிடம், இடையில் நகர்த்தாமல். கல்லோடு ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், சிவந்ததும் தானே விடும். கடைசியில் ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் போட்டு, உருகியதை ஸ்பூனால் மேலே அள்ளி ஊற்றவும்.

குருமா நீர்த்துப்போகிறது, பிரியாணி குழைகிறது

பச்சைக் காளானைக் குழம்பில் போட்டால் 300 கிராமிலிருந்து 100 மி.லி. வரை தண்ணீர் வெளியே வரும். குருமாவுக்கு முதலில் சிவக்க வாட்டி, மசாலா எண்ணெய் பிரிந்தபின் சேர்த்து 5 நிமிடம் கொதித்தால் போதும். வாட்டிய கல்லில் ஒட்டியிருப்பதை இரண்டு ஸ்பூன் தண்ணீரால் கரைத்து அதையும் ஊற்றுங்கள். பிரியாணியில் 3 செ.மீ. துண்டுகளாக வாட்டிச் சேர்த்தால் தண்ணீர் கணக்கை மாற்ற வேண்டியதில்லை. பச்சையாகவே போடுவதென்றால் 300 கிராமுக்கு அரை கப் தண்ணீரைக் குறைக்கவும்.

பாக்கெட்டைத் திறந்தால் வெள்ளைப் பஞ்சு

தண்டின் அடியிலோ குடையிலோ வெண்பஞ்சு படர்ந்திருந்தால், வாடையும் வழவழப்பும் இல்லாதவரை அது அந்தக் காளானின் இழையேதான். துடைத்துவிட்டுச் சமைக்கலாம். பச்சை, கறுப்புப் புள்ளிப் பூஞ்சை, வழுக்கும் பிசுபிசுப்பு, புளித்த வாடை இவற்றில் எது இருந்தாலும் முழுவதையும் எறிந்துவிடுங்கள். வாங்கும்போது தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: கல்லு மாதிரி உறுதியாக இருக்க வேண்டும். குடையின் ஓரம் உள்நோக்கிச் சுருண்டிருந்தால் இளசு. பாக்கெட்டுக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் வாங்க வேண்டாம். திறந்த பிறகு ஈரப் பிளாஸ்டிக்கில் மூடி வைக்காமல், காகிதத்திலோ பருத்தித் துணியிலோ சுற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் 5 நாள் நன்றாக இருக்கும்.

சாப்பிட்டபின் வயிறு கனக்கிறது

கைட்டின் எளிதில் செரிக்காது. பச்சையாக சாலட்டில் போடுவதைத் தவிர்த்து, நன்றாக வேகவைத்து, மென்று சாப்பிட வேண்டும். முதல்முறை சாப்பிடுபவர் 75, 100 கிராமோடு நிறுத்திக்கொள்ளட்டும். அரிப்போ தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் அது ஒவ்வாமை. மருத்துவரைப் பார்க்க வேண்டும், மறுபடி சாப்பிட்டுச் சோதிக்கக் கூடாது.

ஃப்ரீசரில் வைத்தது பஞ்சாகிவிட்டது

பச்சையாக உறையவைத்தால் பனிக்கட்டி திசுவைக் கிழித்து, உருகும்போது சாறெல்லாம் ஓடிவிடும். வறட்டுக் கல்லில் தண்ணீர் போக வாட்டி, ஆறவிட்டு, தட்டில் தனித்தனியாகப் பரப்பி உறையவைத்தபின் டப்பாவில் போடவும். எடுத்துச் சமைக்கும்போது உருகவிடாமல் நேரே சூடான கல்லில் போடுங்கள். ஏற்கெனவே பஞ்சானது கையில் இருந்தால், உருகிய சாற்றோடு சேர்த்து மிளகு ரசத்திலோ சூப்பிலோ பொடியாக நறுக்கிப் போடலாம். வறுவலுக்கு அது இனி ஆகாது.